லேஅவுட் ரிசர்வ் சைட்ல மரம் வளர்க்கப் போறோம், எங்கிருந்து ஆரம்பிக்கறது?

வடவள்ளி_வாசி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க கோயம்புத்தூர் வடவள்ளி பக்கம் ஒரு பழைய லேஅவுட், மொத்தம் 120 வீடு. உள்ள 40 சென்ட் ரிசர்வ் சைட் (பொது உபயோகத்துக்குன்னு ஒதுக்குன எடம்) ஒண்ணு வருசக்கணக்கா சும்மா கெடக்குது, பாதி பார்த்தீனியம், மீதி வீடு கட்டறவங்க கொட்டிட்டுப் போன செங்கல் சிமெண்ட் வேஸ்ட், ஓரத்துல ரெண்டு வேம்பும் ஒரு வாகையும் தானா மொளச்சு நல்லா பெருசா நிக்குது. இப்ப அசோசியேசன்ல எல்லாருக்கும் திடீர்னு வேகம் வந்துருச்சு, ஆகஸ்ட் 15க்கு 500 கன்னு நடறோம், கவுன்சிலரக் கூப்புடறோம், பேனர் அடிக்கறோம், எல்லாத்துக்கும் பச்சை டீசர்ட்டுன்னு வாட்ஸப் குரூப்ல ஒரே அமர்க்களம். செயலாளர்ங்கற பேர்ல என்னை மாட்டி உட்டுட்டாங்க.

எனக்கு என்ன பயம்னா பக்கத்து லேஅவுட்ல இதே மாதிரிதான் ஜாம் ஜாம்னு நட்டாங்க, அடுத்த சித்திரைல போய்ப் பாத்தா கூண்டு மட்டும் வரிசையா நிக்குது, உள்ள ஒண்ணுமில்ல. நாம அப்படி ஆகக் கூடாதுங்க. அதனால அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, முதல்ல யார்கிட்ட பர்மிசன் வாங்கோணும், என்ன மரம் வெக்கோணும், மியாவாக்கின்னு நெருக்க நெருக்கமா நட்டு காடு மாதிரி வளக்கற முறை சொல்றாங்களே அது நமக்கு ஆகுமா, தண்ணிக்கு என்ன பண்றது, காசு எப்படிப் பொரட்டறது. ரோட்டோரமும் கொஞ்சம் நடலாம்னு யோசனை இருக்குது. நீளமா எழுதுனாலும் பரவால்லீங்க, முழுசாப் படிக்கறேன்.

அடையாறு_ஆத்தோரம்:

சார், முதல்ல அந்த 500ங்கற நம்பரை மறந்துடுங்க. 40 சென்ட்னா 17,400 சதுர அடி சொச்சம். நல்லா கிளை விடற மரத்துக்கு 15 அடிக்கு 15 அடி விட்டீங்கன்னா 77 மரம்தான் வரும், 12 அடி இடைவெளின்னு நெருக்கினாலும் 120. இதுல நடக்கறதுக்குப் பாதை, ஏற்கனவே இருக்கற மூணு மரத்தோட நிழல் எல்லாம் போச்சுன்னா எழுபது எண்பதுக்கு மேல இடமே இல்ல. 500 வைக்கணும்னா அஞ்சாறு அடிக்கு ஒண்ணு குத்தி வச்சுட்டு ஃபோட்டோ எடுத்துக்கலாம் அவ்வளவுதான்.

பர்மிசன் விசயம். ரிசர்வ் சைட்னு வாயால சொல்றது போதாது, அந்த லேஅவுட்டோட அப்ரூவல் மேப்பை டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஆபீஸ்லயோ மாநகராட்சி நகரமைப்புப் பிரிவுலயோ காப்பி வாங்குங்க, அதுல அந்த இடம் பார்க்குன்னு இருக்கா, பொது உபயோகம்னு இருக்கா பாருங்க. அப்புறம் அந்த இடத்தை லேஅவுட் போட்டவர் மாநகராட்சிக்குத் தான பத்திரம் எழுதிப் பதிவு பண்ணிக் குடுத்துட்டாரான்னு வில்லங்கம் போட்டுப் பாருங்க. பழைய லேஅவுட்ல நிறைய இடத்துல இந்தப் பத்திரமே போட்டிருக்க மாட்டாங்க, நீங்க மரம் வச்சு அஞ்சு வருசம் கழிச்சு வாரிசுன்னு ஒருத்தர் பட்டாவோட வந்து நிப்பாரு. இது நடக்கற கதைதான், கோர்ட் வரைக்கும் போன கேஸ் எத்தனையோ.

பேப்பர் கிளியரா இருந்தா, பகுதி சபா (வார்டுக்குள்ள ஏரியா வாரியா மக்கள் கூடறது) கூட்டத்துல இதை ஒரு கோரிக்கையா வைங்க. 2022ல இருந்து வார்டு கமிட்டி, பகுதி சபா ரெண்டும் நம்ம ஊர்ல இருக்கு, பாதி ஜனத்துக்குத் தெரியவே தெரியாது. கூட்டக் குறிப்புல ஏத்திட்டா கவுன்சிலர் மாறினாலும் பேப்பர் நிக்கும். அதோட கமிஷனர் பேருக்கு மனு எழுதி, பராமரிப்புக்கு மட்டும் அசோசியேசன் பொறுப்பு, இடமும் மரமும் மாநகராட்சியோடதுன்னு தெளிவா போட்டு எழுத்துல அனுமதி வாங்குங்க. இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம், நாளைக்கு கிளை விழுந்து கார் கண்ணாடி உடைஞ்சா உங்க வீட்டுக் கதவைத் தட்டுவாங்க.

நேரம் கிடைச்சா சென்னை வரும்போது கோட்டூர்புரம் மரப்பூங்காவை ஒரு தடவை பாருங்க. ஆத்தோரம் குப்பை கொட்டிட்டு இருந்த இடம், நிழல்னு ஒரு அமைப்பும் அந்த ஏரியா மக்களும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மாத்தினது. ஒரே நாள்ல நட்டது கிடையாது, அதுதான் அங்க பாக்க வேண்டிய விசயமே.

பசுமை_பிரபா:

ப்ரோ மியாவாக்கி கண்டிப்பா பண்ணுங்க!! மூணு வருசத்துல காடு ரெடி, அதுக்கப்புறம் தண்ணியே ஊத்த வேணாம். கோட்டூர்புரத்துலயே 2020ல மாநகராட்சி மியாவாக்கி காடு போட்டாங்க, இப்ப உள்ள நுழைய முடியாத அளவுக்கு அடர்த்தி. சதுர மீட்டருக்கு மூணு கன்னு, ஒரு மீட்டர் ஆழம் தோண்டி தொழு உரம், தேங்காய் நார் கழிவு, உமி எல்லாம் போட்டு கலந்துடணும், மேல வைக்கோல் மூடாக்கு. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு எல்லாம் நேரா மேல போகும். உங்க 500 என்ன, 4,800 கன்னு வைக்கலாம் அந்த இடத்துல.

கரிசக்காட்டான்:

பிரபா தம்பி சொல்றது தப்புன்னு சொல்லல, ஆனா 4,800 கன்னுக்கு குழி தோண்ட ஜேசிபி வாடகை, 40 சென்டும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிரப்ப உரம், ரெண்டு மூணு வருசம் தண்ணி, களை எடுக்க ஆளு, இதெல்லாம் யார் குடுப்பா? மாநகராட்சி பண்ணா பட்ஜெட் இருக்கு. 120 வீட்டுக்காரங்க பண்ணா முதல் வருசமே மூச்சு வாங்கிடும்.

இன்னொரு விசயம், மியாவாக்கி அய்யா ஜப்பான்காரர், 2021ல தான் இறந்தாரு, அவரு அதிகமா செஞ்ச ஜப்பான்ல வருசம் பூரா மழை உண்டு. கோயம்புத்தூரு மலைக்கு மறைவுல இருக்கற ஊரு, வருசத்துக்கு 600, 700 மில்லி மழை, அங்க இயற்கையா இருக்கற காடே முள்ளுக்காடு, உசிலை, வெள்வேல், ஆச்சா, அப்படி இடைவெளி விட்டு நிக்கற காடு. நடுவுல புல்லும் புதரும் இருக்கும். அதுல போய் சதுர மீட்டருக்கு மூணு மரம் குத்தினா மொத வருசம் உரத்துல நல்லாத்தான் வரும், அப்புறம் ஒண்ணை ஒண்ணு அமுக்கிப் பாதி குச்சியா நிக்கும். அதுவுமில்லாம உள்ள ஆளே போக முடியாத இடத்தை அசோசியேசன் ஜனங்க எத்தனை நாளைக்கு எங்க காடுன்னு சொல்லுவாங்க? பாம்பு வருதுன்னு ஒரு வாரத்துல மனு போட்டுருவாங்க.

ஆசையா இருந்தா ரோட்டுப் பக்கம் காம்பவுண்டு ஓரமா ரெண்டு மூணு சென்ட் மட்டும் மியாவாக்கி போடுங்க, தூசியும் சத்தமும் மறிக்கும். மீதி இடம் நடக்கற மாதிரி, வயசானவங்க உக்கார்ற மாதிரி மரம் வைங்க.

பசுமை_பிரபா:

அண்ணா செலவு அதிகம்தான், ஒத்துக்கறேன். ஆனா பாம்புக்குப் பயந்தா காடே வளர்க்க முடியாதே :)

மதுரை_மீனாட்சி_அக்கா:

தம்பி வடவள்ளி, எல்லாரும் மரம் பேரு சொல்லப் போறாங்க, நான் தண்ணி கணக்கு சொல்றேன் அதை மட்டும் மீட்டிங்ல போட்டு வாசிங்க, 500 பேச்சு தானா நின்னுரும். வெயில் காலத்துல ஒரு கன்னுக்கு ஒரு தடவைக்கு 15 லிட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை. 500 கன்னுன்னா வாரத்துக்கு 15,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டேங்கர் லாரி மூணு. இது மாசி பாதில ஆரம்பிச்சு மழை வர்ற வரைக்கும், இப்படி குறைஞ்சது ரெண்டு கோடை தாண்டணும். 80 கன்னுன்னா வாரத்துக்கு 2,400 லிட்டர், ஒரு போர் மோட்டாரும் ஹோஸும் இருந்தா முடிஞ்சு போச்சு. எங்க தெருவுல இதைக் கணக்குப் போட்டுட்டுத்தான் எத்தனை கன்னுன்னு முடிவு பண்ணினோம்.

அப்புறம் ஆகஸ்ட் 15 எதுக்குப்பா. கொடியேத்தி மிட்டாய் குடுக்க நல்ல நாளு, கன்னு நட இல்ல. உங்க பக்கம் ஆடி காத்து என்ன வேகம்னு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல, ஆறடி கன்னை ஆட்டி ஆட்டியே வேரை அத்துரும். இப்ப இடத்தை சுத்தம் பண்ணுங்க, வேஸ்ட்டை அள்ளுங்க, குழி தோண்டி ஆறப் போடுங்க, புரட்டாசி கடைசி ஐப்பசி ஆரம்பம் மழை இறங்கினதும் நடுங்க. ரெண்டு மாசம் வானமே தண்ணி ஊத்திரும், வேர் பிடிச்சிரும். கவுன்சிலருக்கு ஆகஸ்ட் 15ல குழி தோண்ட ஒரு கடப்பாரையைக் குடுங்க, அதுவும் ஃபோட்டோல நல்லாத்தான் இருக்கும்.

குழி ரெண்டடிக்கு ரெண்டடி, ஆழமும் ரெண்டடி, உங்க இடம் கட்டட வேஸ்ட்டுன்னா மூணடி போங்க. அந்த மண்ணையே திரும்பப் போடாதீங்க, செம்மண், மணல், மக்குன எரு சமமா கலந்து ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போடுங்க கரையான் வராது. நட்டப்புறம் சுத்தி காஞ்ச இலை, தென்னை மட்டை போட்டு மூடுங்க, பாதி தண்ணி மிச்சம். ஒரு இடத்துல தண்ணி எடுத்துட்டுப் போக முடியலன்னா பக்கத்துல ஒரு மண்பானையைப் புதைச்சு அடில ஓட்டை போட்டு திரி விட்டு வைங்க, வாரத்துக்கு ஒரு தடவை நெரப்பினா போதும்.

ஆளு விசயம்தான் பெரிசு. எல்லாரும் சேர்ந்து ஊத்துவோம்னா யாரும் ஊத்த மாட்டாங்க. காலைல ரெண்டு மணி நேரம் வர்ற மாதிரி சம்பளத்துக்கு ஒரு ஆளு போடுங்க, அசோசியேசன் ஆளுங்க அவரை மேற்பார்வை பாக்கட்டும். ரோட்டோர மரத்துக்கு எந்த வீட்டு வாசல்லயோ அந்த வீட்டம்மா பேர்ல எழுதுங்க, ஐயா பேர்ல வேணாம், நான் சொல்றது அனுபவம்.

அடையாறு_ஆத்தோரம்:

அக்கா சொன்ன வீட்டு வாசல் விசயத்துல ஒண்ணு சேர்த்துக்கறேன். அந்த வீட்டுக்காரங்க வேணாம்னு சொன்னா வைக்கவே வைக்காதீங்க. கட்டாயப்படுத்தி வச்ச கன்னு ராத்திரியோட ராத்திரியா ஒடிஞ்சிருக்கும், யார் பண்ணாங்கன்னு எல்லாருக்கும் தெரியும் ஆனா கேக்க முடியாது. கார் நிறுத்த இடம் போகும், இலை கொட்டும், கடை போர்டு மறையும், வாஸ்து, காரணம் ஆயிரம். பக்கத்து வீட்டு வாசல்ல நிழல் விழுந்து அவங்க கார் சூடாகாம நின்னா ரெண்டு வருசத்துல அவங்களே வந்து கேப்பாங்க.

மரம் என்னன்னு யாரும் இன்னும் ஒழுங்கா சொல்லல. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடிச்ச மறுநாள் சென்னைல நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், ரோட்டை மறிச்சுக் கிடந்ததுல மயில்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி இதெல்லாம்தான் ஏராளம். வேகமா வளரும், கட்டை பலமில்ல, வேர் மேலயே ஓடும். ஆனா நாட்டு மரமா இருந்தாலும் சுத்தி சிமெண்ட் போட்டு கழுத்தை நெரிச்சா, கேபிளுக்கும் வடிகாலுக்கும் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டினா, அதுவும் விழத்தான் செய்யும். டெல்லில 2013லயே பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, நம்ம ஊர்ல பிளாட்பாரம் போடற கான்ட்ராக்டருக்கு அதைப் படிச்சுக் காட்டினா சிரிக்கிறாரு.

ஈபி லைனுக்குக் கீழ சரக்கொன்றை, மந்தாரை, பவழமல்லி மாதிரி சின்னது. லைன் இல்லாத பக்கம் புங்கன், மகிழம், பூவரசு. சைட்டுக்குள்ள நாவல், இலுப்பை, நீர்மருது, வேங்கை, நெல்லி, விளா, வில்வம். ஆலும் அரசும் கட்டாயம் ஒண்ணாவது வேணும்னா நட்ட நடுவுல ஒண்ணே ஒண்ணு, காம்பவுண்டு பக்கம் வராதீங்க. ஒரே மரமா எல்லா இடத்துலயும் வைக்காதீங்க, ஒரு பூச்சி வந்தா மொத்தமும் காலி. கோனோகார்பஸ்ங்கற வெளிநாட்டு மரக்கன்னை யாராச்சும் இலவசமா குடுத்தாலும் வாங்காதீங்க, குஜராத்ல 2023ல தடை பண்ணாங்க, அப்புறம் நம்ம அரசும் தடை போட்டாச்சு, ஆனா சில நர்சரில இன்னும் வேற பேர் சொல்லி விக்கறாங்க.

அந்த ரெண்டு வேம்பும் வாகையும் இருக்கே, அதுல கை வைக்க யாரையும் விடாதீங்க. சுத்தம் பண்றேன்னு ஜேசிபி வந்தா முதல்ல அதுங்களைத்தான் தள்ளும். பொது இடத்துல மரம் வெட்டணும்னா கலெக்டர் தலைமைல இருக்கற மாவட்ட பசுமைக் குழு அனுமதி வேணும், 2021ல இருந்து இதுதான் நடைமுறை.

வடவள்ளி_வாசி:

அக்கா, சார், அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தண்ணிக் கணக்கை நேத்து மீட்டிங்ல வாசிச்சேனுங்க, ஒரு நிமிசம் சத்தமே இல்ல. அப்பறம் தலைவரே எந்திரிச்சு முதல் வருசம் 60 போதும், அதைக் காப்பாத்துனா அடுத்த ஐப்பசிக்கு மீதின்னு சொல்லிட்டாரு. பேனர் மட்டும் உறுதியா வேணுமாம், சரின்னு உட்டுட்டேன்.

வில்லங்கம் போடக் குடுத்திருக்கேன். இப்ப ரெண்டு சந்தேகமுங்க. கன்னு எங்க வாங்கறது? காசுக்கு ஒரு கம்பெனில சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்புக்குன்னு கம்பெனிங்க செலவு பண்ற பணம்) தர்றம்னு பேசறாங்க, வாங்கலாமா?

கரிசக்காட்டான்:

கன்னுக்கு நீங்க கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு கேக்கறீங்களே! வன மரபியல் நிறுவனம் ஆர்.எஸ்.புரத்துல இருக்கு, வேளாண் பல்கலை பக்கத்துல, வனக்கல்லூரி மேட்டுப்பாளையத்துல. நாட்டு மரம் பத்தி தமிழ்நாட்டுல உங்களுக்கு இருக்கற வசதி வேற எந்த ஊருக்கும் கிடையாது. வனத்துறை நர்சரிலயும் கேளுங்க, 2022ல ஆரம்பிச்ச பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக நிறைய வளர்க்கறாங்க, காட்டுப் பரப்பும் மரப் பரப்பும் சேர்த்து 23.7 சதவீதத்துல இருந்து 33க்குக் கொண்டு போகணும்னு இலக்கு.

ஆனா அங்க கிடைக்கறது பெரும்பாலும் ஒண்ணு ரெண்டடி கன்னு, சைட்டுக்குள்ள வேலி போட்டு வைக்க அது போதும், விலையும் கம்மி, வேரும் நல்லா இறங்கும். ரோட்டோரத்துக்கு ஆறடிக்குக் குறையாம பெரிய பையில இருக்கறது வேணும், இல்லன்னா ஆடு மேஞ்சிரும். வாங்கும்போது பையோட அடியைப் பாருங்க, வேர் வெளிய வந்து மண்ணுல ஊனியிருந்தா வேணாம், இழுக்கும்போது அந்துரும். பைக்குள்ள வேர் சுத்திச் சுத்தி வளையமா இருந்தாலும் வேணாம். அது பத்து வருசம் நல்லா நின்னுட்டு ஒரு காத்துல வேரோட சாயும்.

முடிஞ்சா மரம் யோகநாதன் அண்ணனைத் தேடிப் பிடிங்க, உங்க ஊரு கவர்மென்ட் பஸ் கண்டக்டரு, சம்பளக் காசுல கன்னு வாங்கிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய் பசங்களை வச்சு நட்டவரு, எந்தப் பசங்க எந்த மரத்துக்குப் பொறுப்புன்னு பேர் வச்சு வளர்த்தவரு. அவரைக் கூப்புட்டா பேனருக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

கணக்கு_வாத்தி:

சிஎஸ்ஆர் பத்தி மட்டும் நான் சொல்றேன், ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. கம்பெனி சட்டம் 2013ல 135வது பிரிவு, பெரிய கம்பெனிங்க மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும், சுற்றுச்சூழல் அதுல வரும். ஆனா உங்க அசோசியேசன் அக்கவுண்டுக்கு நேரா போட முடியாது, 2021 ஏப்ரல்ல இருந்து வாங்கற அமைப்பு சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் பதிவு பண்ணியிருக்கணும், அதுக்கு 12ஏ, 80ஜின்னு வருமான வரிப் பதிவெல்லாம் கேப்பாங்க. குடியிருப்போர் சங்கத்துக்குப் பொதுவா அது இருக்காது. அதனால ஏற்கனவே பதிவு இருக்கற ஒரு டிரஸ்ட் மூலமா வாங்குங்க, இல்லன்னா கம்பெனியே நேரா ஹோஸு, மோட்டாரு, கூண்டுன்னு பொருளா வாங்கிக் குடுக்கட்டும்.

பெரிய சிக்கல் வேற. கம்பெனிக்கு நடவு நாள் ஃபோட்டோ வேணும், அதுக்குக் காசு உண்டு, ரெண்டாவது வருசம் மே மாசத்து டேங்கருக்குக் காசு கேட்டா ஃபோன் எடுக்க மாட்டாங்க. ஆக ஒப்பந்தத்துலயே மூணு வருசப் பராமரிப்புன்னு எழுதி, மொத்தத் தொகைல பாதிக்கு மேல நட்டதுக்கு அப்புறம் வர்ற மாதிரி பிரிச்சுப் போடுங்க. அதுக்கு ஒத்துக்கலன்னா அந்தக் காசு வேணாம், வீட்டுக்கு மாசம் 100 ரூபா போட்டாலே 12,000 ஆச்சு, பாதி நேர ஆளும் கரண்டு பில்லும் அதுலயே ஓடும். வேலி, போர், நடைபாதை மாதிரி பெரிய செலவுக்கு மாநகராட்சியில நமக்கு நாமே திட்டம் கேட்டுப் பாருங்க, மக்கள் பங்கு மூணுல ஒண்ணு கட்டினா மீதியை அரசு போடும். எஸ்டிமேட், டெண்டர்னு இழுக்கும், இந்த வருசத்துக்கு அதை நம்பி இருக்காதீங்க.

கணக்கு மாசாமாசம் குரூப்ல போடுங்க. அதுகூடவே மரத்துக்கு ஒரு நம்பர் குடுத்து கூகுள் ஷீட்ல உசுரோட இருக்கா இல்லையான்னு ஏத்துங்க. வருசா வருசம் ஜூன்ல எண்ணுங்க, கோடை தாண்டி நிக்கறதுதான் கணக்கு.

மதுரை_மீனாட்சி_அக்கா:

நம்பர் குடுக்கறேன்னு மரத்துல ஆணி அடிச்சிராதீங்க. ஆணி புடுங்கறதுக்குன்னே இங்க பசங்க ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போறாங்க. கூண்டுல கட்டுங்க, இல்ல கயித்துல தளர்வா தொங்க விடுங்க.

கூண்டு சொன்னதும் ஞாபகம் வருது. நட்ட கன்னுக்கு முட்டுக் குச்சி குடுத்துக் கட்டும்போது கம்பியோ நைலான் கயிறோ வேணாம், பழைய பருத்திப் புடவைக் கிழிசல் போதும், எட்டு மாதிரி சுத்திக் கட்டுங்க. மூணு நாலு வருசத்துல தண்டு கூண்டைத் தொடுதுன்னா கூண்டைக் கழட்டிருங்க, விட்டா இரும்பு பட்டைக்குள்ள போயிரும், எங்க பஸ் ஸ்டாண்டு ரோட்டுல அப்படி கூண்டை முழுங்கிட்டு நிக்கற மரம் நெறைய. கழட்டின கூண்டை அடுத்த வருசக் கன்னுக்கு வச்சுக்கலாம், இரும்புக்காரர் கிட்ட முதல்லயே போல்ட் போட்டு ரெண்டா பிரியற மாதிரி செய்யச் சொல்லுங்க, வெல்டிங் வச்சு மூடிட்டா அப்புறம் கட்டர் வச்சுத்தான் அறுக்கணும்.

வடவள்ளி_வாசி:

சரிங்க்கா, போல்ட் போட்டே சொல்லிடறேன். கூண்டுல ஸ்பான்சர் பேர் போடோணும்னு ஒரு நாலு பேரு கேக்கறாங்க, போடலாமா வேண்டாமா?

கரிசக்காட்டான்:

போடுங்க, ஆனா ரெண்டாவது கோடை தாண்டினப்புறம்தான் போர்டு மாட்டுவோம்னு சொல்லிருங்க. தண்ணி தானா வரும்.